ஆக்குதலும் நீக்குதலும்

திருவள்ளுவர் பொருட்பாலிலே ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரம் வகுத்து, அதனை அடுத்துத் ‘தெரிந்து வினையாடல்’ என மற்றோர் அதிகாரம் வைத்தார். முன்னது தக்காரை ஆராய்ந்து தேர்தலைக் கூறுவது. பின்னது தேர்ந்தவரை வினையில் அமர்த்தி ஆளும் முறையைக் கூறுவது. ஒருவர்க்குப் பதவி கொடுத்தல் ஒரு செயல். கொடுத்தபின் அவரைக் கண்காணித்தலும் வேண்டுமிடத்து நீக்குதலும் வேறொரு செயல். 1787ஆம் ஆண்டிலே பிலடெல்பியா நகரிற் கூடி ஐக்கிய அமெரிக்காவின் அரசியல் யாப்பை வகுத்த அறிஞர், முன்னதனைத் தெளிவாக எழுதினர்; பின்னதனைப் பெரும்பாலும் எழுதாது விட்டனர். அம் மௌனத்தின் பொருள் யாது என்பதே இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்நாட்டில் வழக்காயிற்று. பழைய மாணவருட் பலர் அரசாங்க உத்தியோகம் வகித்தவராதலின், அவ் வரலாறு இம் மலரைப் படிப்போர்க்குப் பயன்படும் என எண்ணி ஈண்டுச் சுருக்கிக் கூறுவேன்.

முதலில் எழுதப்பட்டதைக் காண்போம். பெரும் பதவியினரைச் சனாதிபதி பெயர் குறித்து முன்மொழிவார். செனற் சபையின் ஆலோசனையும் இசைவும் பெற்று நியமிப்பார். கீழ்ப்படியினரான உத்தியோகத்தரின் நியமனத்தைச் சனாதிபதியிடமோ, நீதிமன்றுகளிடமோ, திணைக்களத் தலைவரிடமோ ஒப்படைக்கக் காங்கிரசு சட்டம் இயற்றலாம். தானே ஆளை நியமிக்கும் உரிமை காங்கிரசுக்கு இல்லை. சட்டம் ஆக்குவோரே அதனை நடத்துவோரையும் அமர்த்துவராயின், இரு கையும் ஒரு கையாகிவிடும் என அஞ்சியே இவ் வரம்பு இடப்பட்டது.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. தேர்தற் செலவுகளை மேற்பார்வை செய்தற்கென அமைத்த ஆணைக்குழுவில் வாக்குரிமையுடைய உறுப்பினர் அறுவருள் நால்வரைக் காங்கிரசின் இரு சபைத் தலைவர்களும் நியமிப்பதாகச் சட்டம் கூறிற்று. 1976இல் உயர் நீதிமன்றம் அந் நியமன முறை செல்லாதெனத் தீர்த்தது. நாட்டின் சட்டத்தைச் செலுத்தும் அதிகாரம் உடையார் எவரும் யாப்புக் காட்டிய வாயிலாலேயே பதவியுட் புகவேண்டும் என்பது அத் தீர்ப்பின் சாரம்.

இனி, எழுதாது விட்டதற்கு வருவோம். குற்றப் பிரேரணை கொண்டுவந்து விசாரித்து நீக்கும் முறை ஒன்றைத் தவிர, உத்தியோகத்தரை நீக்குதல் பற்றி யாப்பு எதுவும் கூறவில்லை. 1789இல் முதற் காங்கிரசே இதனை வாதித்தது. நிறைவேற்றதிகாரம் சனாதிபதியுடையதாதலின் நீக்கும் உரிமையும் அவருடையதே என ஜேம்ஸ் மடிசன் வற்புறுத்தினார். செனற் சபையில் வாக்குகள் சமமாய்ப் பிரிய, உபசனாதிபதி ஜோன் அடம்சின் வாக்கே அக் கொள்கைக்கு வெற்றி தந்தது. ஆயினும் பிணக்குத் தீரவில்லை. செனற் சபையின் இசைவின்றி உத்தியோகத்தரை நீக்கலாகாதென 1867இல் ஒரு சட்டம் பிறந்தது. அதனை மீறி யுத்த மந்திரி ஸ்ரான்ரனை நீக்கிய சனாதிபதி அன்றூ ஜோன்சன், 1868இல் குற்றப் பிரேரணைக்கு உள்ளாகி, ஒரேயொரு வாக்கினால் தப்பினார்.

அடுத்து வந்த இரு வழக்குகள் வியப்புக்குரியன. இரண்டும் சம்பளப் பாக்கி கேட்டு எழுந்தவை. இரண்டிலும் தீர்ப்பு வருமுன்னரே பதவி இழந்தவர் உயிர்நீத்தனர். ஒறிகன் மாநிலத்துப் போட்லன்ட் நகரத் தபாலதிபர் மையர்சு என்பவர் 1920இல் செனற் சபையைக் கேளாமலே நீக்கப்பட்டார். 1926இல் தீர்ப்பெழுதிய பிரதம நீதியரசர் வில்லியம் டாவ்ற், தாமே முன்பு சனாதிபதியாய் இருந்தவர். சட்டங்கள் முறையாக நிறைவேறுதற்குப் பொறுப்பாளி சனாதிபதி. தம் கீழ் வினைசெய்வாரை நீக்க இயலாதவர் அப் பொறுப்பைச் சுமப்பது எங்ஙனம் என்று அவர் வினாவினார். மையர்சின் பக்கம் தோற்றது.

இரண்டாவது வழக்கின் பொருள் வேறு. பெருங் கம்பனிகளின் முறைகேடான வணிகத்தைத் தடுக்க 1914இல் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு அமைந்தது. ஆணையாளர் ஐவர், ஒவ்வொருவர்க்கும் ஏழாண்டுப் பதவி, மூவர்க்கு மேல் ஒரே கட்சியினராய் இருத்தல் ஆகாது. திறமையின்மை, கடமை தவறுதல், பதவியில் முறைகேடு செய்தல் என்னும் காரணங்களாலேயே அவரை நீக்கலாம். வில்லியம் ஹம்பிறி என்னும் ஆணையாளரைச் சனாதிபதி ரூஸ்வெல்ற் 1933இல் நீக்கினார். குற்றம் எதுவும் சாட்டவில்லை. இருவர் கருத்தும் ஒத்துப்போகவில்லை என்பதே காரணம். அடுத்த ஆண்டு ஹம்பிறி இறக்க, அவரது ஆதனத்தைப் பொறுப்பேற்றவர் வழக்காடினார். 1935இல் உயர் நீதிமன்றம் ஏகமனதாக அவர்க்குச் சார்பாகத் தீர்த்தது. தபாலதிபர் சனாதிபதியின் ஏவலர். ஆணையாளரோ ஒரு பாதி சட்டமியற்றுவார் போலவும் ஒரு பாதி நீதிபதி போலவும் தொழில் செய்பவர். ஆதலின் காரணமின்றி நீக்கலாகாதெனக் காங்கிரசு வரையறுத்தல் தகும் என்றது மன்று.

எனினும், பிற்காலத்தில் மன்று அவ் வரம்பைப் படிப்படியாக இறுக்கியது. நிறைவேற்றுத் தொழில் செய்வாரை நீக்கும் உரிமையைக் காங்கிரசு தன் கையில் வைத்திருத்தல் ஆகாதென்று 1986இற் கூறிற்று. காரணமின்றி நீக்கப்படாதார் ஒருவரின் கீழ், அவ்வாறே நீக்கப்படாத மற்றொருவர் இருக்கும் இரட்டைக் காவல் ஆகாதென்று 2010இற் கூறிற்று. கடன் வாங்குவோர் முதலிய நுகர்வோரைக் காக்கும் நிதிப் பணியகத்துக்குத் தனியொருவர் தலைவராய் இருக்கையில், அவர்க்கு அக் காவல் பொருந்தாதென்று 2020இல் தீர்த்தது. ஈற்றில், ஹம்பிறி இருந்த அதே ஆணைக்குழுவின் ஆணையாளர் இருவரைச் சனாதிபதி றம்ப் 2025 மார்ச்சில் நீக்கியபோது, பழைய தீர்ப்பே நிலைக்கலாமோ என்னும் வினாவை உயர் நீதிமன்றம் ஆராய ஏற்று, அவ்வாண்டு திசெம்பரில் வாதம் கேட்டது.

இரு சாராரும் கூறுவதில் நியாயம் உண்டு. மக்கள் வாக்களித்துத் தெரிவது சனாதிபதியை, ஆணையாளரை அன்று. நீக்கப்படாத உத்தியோகத்தர் தவறு செய்யின் மக்கள் யாரைக் கேட்பர் என்பர் ஒரு சாரார். பெருங் கம்பனியொன்றின் வழக்கை விசாரிக்கும் ஆணையாளர், மாளிகையிலிருந்து வரும் ஒரு குறிப்புக்கு அஞ்சி நாளை தம் கதிரை பறிபோகுமோ எனக் கலங்குவராயின், சாட்சியத்தை எங்ஙனம் நடுநின்று நோக்குவர் என்பர் மற்றைச் சாரார். முன்னவர் அஞ்சுவது தட்டிக்கேட்பார் இல்லாத அதிகாரத்தை. பின்னவர் அஞ்சுவது அச்சத்தால் வளையும் அதிகாரத்தை.

மாணவர் இதனின்று அறியத்தக்கது ஒன்றுண்டு. ஒரு பதவியின் தன்மையை அறிய விரும்புவார், அதனை யார் கொடுத்தார் என்று கேட்பதோடு அமைகின்றனர். அதனை யார், எக் காரணத்தால் பறிக்கலாம் என்றும் கேட்டல் வேண்டும். பதவியில் இருப்பவர் யாருடைய முகக்குறிப்பை நோக்கி நடப்பார் என்பதைப் பெரும்பாலும் அவ் விரண்டாம் வினாவே காட்டும். நாளை நீவிர் பதவி ஏற்பினும், பிறர்க்குப் பதவி வழங்கினும், இவ் வினாவை மறவாதிருப்பீராக.