நாய்க்கும் வேண்டும் விளையாட்டுப் பொருள்



தோட்டப்புறத்தில் நாய் இல்லாத லயத்தைக் காண்பது அரிது. விடியற்காலையில் பெற்றோர் வேலைக்காட்டுக்குப் புறப்பட்டுப் போன பிறகு வீட்டுக்குக் காவல் அதுதான். பாம்பு வந்தாலும் குரைத்துக் காட்டும். அந்நியர் வந்தாலும் குரைத்துக் காட்டும். அதற்கு நாம் சோறு வைக்கிறோம், தண்ணீர் வைக்கிறோம். ஆனால், நாள் முழுவதும் அது பொழுதைப் போக்குவதற்கு என்ன வைக்கிறோம்?

இப்படிக் கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். "பிள்ளைகளுக்கே விளையாட்டுச் சாமான் வாங்கக் கையில் காசில்லை, நாய்க்கு வேறா?" என்றும் கேட்கலாம். நான் சொல்லப்போவது கடையில் வாங்கும் பொருளைப் பற்றியன்று. வீட்டில் கிடக்கும் பழைய துணியைக் கொண்டு நாமே செய்துகொள்ளக் கூடியதைப் பற்றித்தான். இதனால் நாய்க்கு மட்டுமன்றி, நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் நன்மை உண்டு. எப்படி என்பதை முதலில் பார்ப்போம்.

கடிப்பதும் மெல்லுவதும் நாயின் இயற்கை. குட்டிக்கு 28 பால்பற்கள் இருக்கும். ஏறக்குறைய நான்காவது மாதத்தில் அவை விழத் தொடங்கும். ஏழாவது மாதத்திற்குள் 42 நிலையான பற்கள் முளைத்துவிடும். அந்தக் காலத்தில் ஈறு தினவெடுக்கும். எதையாவது கடித்தால்தான் அதற்கு ஆறுதல். வளர்ந்த நாய்க்கும் கடிக்கும் ஆசை போய்விடுவதில்லை.

நாம் கடிக்க எதுவும் கொடுக்காவிட்டால் அது தானே தேடிக்கொள்ளும். வாசலில் கழற்றிப் போட்ட பூட்ஸ், கொடியில் காயும் துணி, பிள்ளையின் பள்ளிக்கூடச் சப்பாத்து ஆகியவைதாம் அதன் கண்ணுக்குப் படும். சப்பாத்து கிழிந்தால் நமக்குக் கோபம் வருகிறது; நாய்க்கு அடி விழுகிறது. பிறகு குட்டைச் சங்கிலியில் கட்டிப் போடுகிறோம். இரவும் பகலும் கட்டிக் கிடக்கும் நாய்க்குச் சலிப்பு ஏற்படுகிறது. சலிப்பு சினமாக மாறுகிறது. ஒருநாள் பந்தை எடுக்க அதன் அருகே ஓடும் சிறுபிள்ளையின் மீது அது பாய்ந்துவிடுகிறது. தொடக்கத்திலேயே கடிப்பதற்கு நல்ல பொருள் ஒன்றைக் கொடுத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திராது.

சரி, கையில் அகப்பட்டதை எல்லாம் நாய்க்குப் போடலாமா? கூடாது. நாம் வழக்கமாகப் போடும் பொருள்களில் பல ஆபத்தானவை.

முதலாவது, பழைய செருப்பு. பழைய செருப்புக்கும் புதிய செருப்புக்கும் உள்ள வேறுபாடு நாய்க்குத் தெரியாது. இன்று பழையதைக் கடிக்கக் கொடுத்தால் நாளை புதியதைக் கடிக்கும். அதற்கு அடிப்பது நியாயமாகாது. கற்றுக் கொடுத்தவர்கள் நாம்தாமே!

இரண்டாவது, சமைத்த எலும்பு. வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாகப் பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்திக்கொள்ளும். மக்காச்சோளத் தக்கையும் அப்படித்தான். விழுங்கினால் குடலை அடைத்துவிடும். மரக்குச்சியும் தேங்காய்ச் சிரட்டையும் சிலாம்பு சிலாம்பாக உடைந்து வாயைக் கிழிக்கும். கல்லை எறிந்து எடுத்துவரச் சொன்னால் பல் உடையும்.

மூன்றாவது, நைலான் கயிறும் சாக்கு நூலும். நீளமான நூலை நாய் விழுங்கினால் அதன் ஒரு முனை எங்காவது மாட்டிக்கொள்ளும். குடல் அசைய அசைய அந்த நூல் இறுகி, குடலைச் சுருக்கி அறுத்துவிடும்.

நான்காவது, ஒட்டுப்பால். நாம் கித்தாத் தோட்டத்து மக்கள் அல்லவா? மரத்திலும் கோப்பையிலும் உறைந்த ரப்பரை உருட்டிப் பந்தாக்கிக் கொடுக்கலாமே என்று தோன்றும். அது வேண்டாம். பக்குவப்படுத்தாத ரப்பர் வெயிலில் இளகும், பல்லில் ஒட்டும், துண்டு துண்டாகப் பிய்ந்து வயிற்றுக்குள் போகும். பாலை உறைய வைக்கச் சேர்க்கும் அமிலமும் அதில் இருக்கலாம். ரப்பரோடு கந்தகத்தைக் கலந்து சூடாக்கினால்தான் அது உறுதிப்படும். இந்த முறையை 1839ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர்.

அவ்வாறு பக்குவப்படுத்திய ரப்பரில் நாய்களுக்கென்றே விளையாட்டுப் பொருள்கள் செய்கிறார்கள். அவற்றுள் பெயர் பெற்றது 'கோங்' என்பது. அதன் கதை சுவையானது. 1970ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ஜோ மார்க்கம் என்பவர் ஒரு நாய் வளர்த்தார். அது கல்லைக் கடித்துக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. ஒருநாள் அவர் தம் வோல்க்ஸ்வேகன் வண்டியைப் பழுது பார்த்தபோது, கழற்றிப் போட்ட ரப்பர்த் துண்டை அந்த நாய் கவ்விக்கொண்டது. அதன்பின் கல்லின் பக்கம் போகவில்லை. அந்தத் துண்டின் வடிவத்தைப் பார்த்துத்தான் கோங் பிறந்தது. வெட்டுக்காரரின் உழைப்பில் பிறக்கும் ரப்பருக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு!

அதற்காக மோட்டார் சைக்கிள் டயரை வெட்டிப் போட்டுவிடாதீர்கள். டயருக்குள் கம்பியும் நூலும் இருக்கும். தூக்கிப் போட்ட டயரில் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசுவும் வளரும்.

ஐந்தாவது, களைக்கொல்லிப் போத்தல். பாராகுவாட் மருந்து நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆயினும் பழைய போத்தல் எங்காவது கிடக்கக்கூடும். இப்போது பயன்படுத்தும் மருந்துகளும் நஞ்சுதான். எத்தனை முறை கழுவினாலும் மருந்துப் போத்தலும் வாளியும் விளையாட்டுக்கு உதவா.

அப்படியானால் எதைத்தான் கொடுப்பது? எந்தப் பொருளையும் மூன்று சோதனைகளுக்கு உட்படுத்திப் பாருங்கள்.

ஒன்று, அளவு. பொருள் நாயின் வாய்க்குள் முழுவதும் அடங்கக் கூடாது. சிறு பந்து தொண்டைக்குப் பின்னால் போய் மூச்சை அடைத்துவிடும். குட்டியாக இருந்தபோது கொடுத்த பொருள் வளர்ந்த நாய்க்குச் சிறியதாகிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டு, கடினம். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். சிறிதளவாவது அழுந்த வேண்டும். அழுந்தாத பொருள் பல்லை உடைத்துவிடும்.

மூன்று, உறுதி. இரு கைகளாலும் பலமாக இழுத்துப் பாருங்கள். பிய்ந்தோ நூல் உரிந்தோ வந்தால் அதைக் கொடுக்க வேண்டாம்.

இனி, செய்முறைக்கு வருவோம். எளிதானது துணிப் பின்னல். பழைய பருத்திப் பனியன் துணி இதற்கு மிகவும் ஏற்றது. கைலியையும் துவாலையையும் பயன்படுத்தலாம். ஆனால் அவற்றின் ஓரத்தில் நூல் பிரியும். பனியன் துணியில் அவ்வளவாகப் பிரிவதில்லை. நைலான் சேலை வேண்டாம். பித்தான், கொக்கி, சிப்பு ஆகியவற்றை முதலில் வெட்டி எடுத்துவிடுங்கள்.

துணியை நான்கு விரல் அகலத்திலும் ஒரு மீட்டர் நீளத்திலும் மூன்று பட்டைகளாகக் கிழித்துக்கொள்ளுங்கள். நீளம் போதாவிட்டால் சிறு நாய்க்குச் சிறிய பின்னலாகச் செய்யலாம். பெரிய நாயாக இருந்தால் ஒவ்வொரு பட்டைக்கும் இரண்டிரண்டாக ஆறு பட்டைகள் எடுக்க வேண்டும். ஒரு முனையில் மூன்றையும் சேர்த்து இறுக்கமாக முடிச்சிடுங்கள். அந்த முடிச்சை ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் சடை பின்னுவதுபோல் இறுக்கி இறுக்கிப் பின்னிக்கொண்டே வர வேண்டும். தளர்வாகப் பின்னினால் நாயின் பல் இடையில் மாட்டிக்கொள்ளும். முடிவில் மறுபடியும் ஒரு முடிச்சு. முடிச்சுக்கு வெளியே தொங்கும் துணியை இரண்டு விரல் நீளம் மட்டும் விட்டு வெட்டிவிடுங்கள். நாலாம் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளே இதைச் செய்துவிடுவார்கள். தங்கைக்குச் சடை பின்னத் தெரிந்த கைகளுக்கு இது ஒரு வேலையா?

பல் முளைக்கும் குட்டிக்கு இந்தப் பின்னலைச் சுத்தமான தண்ணீரில் நனைத்து, குளிர்பெட்டியின் உறைபனித் தட்டில் ஒரு மணி நேரம் வைத்துக் கொடுங்கள். குளிர்ச்சி ஈறுக்கு இதமாக இருக்கும்.

அடுத்தது, தேடி எடுக்கும் விளையாட்டு. நாய்க்குக் கண்ணைவிட மூக்குத்தான் கூர்மை. ஒரு பழைய துவாலையைத் தரையில் விரித்து, வேக வைத்த பூசணித் துண்டு, சர்க்கரைவள்ளித் துண்டு, எலும்பில்லாத கோழித் துண்டு ஆகியவற்றை இங்கொன்றும் அங்கொன்றுமாக வையுங்கள். பாய் சுருட்டுவதுபோல் சுருட்டிக் கொடுங்கள். நாய் மோந்து பார்த்து, காலாலும் மூக்காலும் விரித்து, ஒவ்வொன்றாக எடுத்துத் தின்னும். ஒரு வாயில் விழுங்கியிருக்கும் உணவுக்குப் பத்து நிமிடம் வேலை செய்யும். வெங்காயம், சாக்லேட், உலர்ந்த திராட்சை ஆகிய மூன்றும் நாய்க்கு நஞ்சு. அவற்றை வைக்கக் கூடாது. தின்று முடித்ததும் துவாலையை எடுத்துவிட வேண்டும்.

தோண்டுவதில் விருப்பமுள்ள நாய்க்கு, கீரைப் பாத்திக்குத் தொலைவில் ஒரு மூலையை ஒதுக்கி மணலைக் கொட்டி, பின்னலை அதில் பாதி புதைத்து வையுங்கள். பாத்தி பிழைத்துக்கொள்ளும்.

பொருளைச் செய்துவிட்டால் மட்டும் போதாது. அதைக் கொண்டு விளையாடும் முறையும் தெரிய வேண்டும். எவ்வளவு உறுதியான பொருளும் ஒருநாள் பிய்யத்தான் செய்யும். ஆகவே, பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள். கால் மணி நேரம் அல்லது இருபது நிமிடம் கழித்து எடுத்து வையுங்கள். இரண்டு மூன்று பின்னல்கள் செய்து மாற்றி மாற்றிக் கொடுத்தால் நாய்க்கு ஒவ்வொன்றும் புதிதாகத் தோன்றும். வாரம் ஒரு முறை சவர்க்காரம் போட்டுத் துவைத்து வெயிலில் காய வையுங்கள். கிழிந்ததைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள். இரண்டு நாய்கள் இருந்தால் தனித்தனி இடத்தில் கொடுங்கள். இல்லாவிட்டால் சண்டை மூளும்.

பிள்ளைகளுக்கு ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். நாயின் வாயில் இருக்கும் பொருளைப் பிடுங்கக் கூடாது. அது தின்னும்போதும் தூங்கும்போதும் கிட்டே போகக் கூடாது. பொருளைத் திரும்ப வாங்க வேண்டுமானால், பெரியவர் ஒருவர் தின்பண்டத் துண்டைக் காட்டி "விடு" என்று சொல்லிப் பழக்க வேண்டும். சில நாள்களில் சொல் கேட்டு விடக் கற்றுக்கொள்ளும்.

அண்டை வீட்டாரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நாயின் எச்சில் பட்டால் முஸ்லிம் அன்பர்கள் சமய முறைப்படி கழுவித் தூய்மை செய்துகொள்ள வேண்டியிருக்கும். எனவே, நாய் கடித்த பொருளைப் பொதுக் குழாயடியிலும் நடைபாதையிலும் போட்டுவைக்காமல், நம் வீட்டு எல்லைக்குள்ளேயே வைத்துக்கொள்வோம்.

நாய் எதையாவது விழுங்கிவிட்டால் எப்படித் தெரியும்? ஓயாமல் வாந்தி எடுக்கும், சோறு தின்னாது, மலம் கழிக்க முக்கும், வயிற்றைத் தொட்டால் கத்தும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். இழுத்தால் குடல் அறுபடும். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

விளையாட்டிலேயே நாயின் பல் பிள்ளையின் மீது பட்டுத் தோல் கிழிந்தால், அந்தக் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே கிளினிக்குக்குக் கொண்டு போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் என்று எதையும் அப்ப வேண்டாம். வெறிநாய்க்கடி நோய் 2015ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017ஆம் ஆண்டில் சரவாக்கிலும் தலைகாட்டியது. நோய் முற்றிய பிறகு உயிர் பிழைப்பது அரிது. காலத்தில் போடும் தடுப்பூசிதான் உயிரைக் காக்கும்.

நேயர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு பழைய பனியனைக் கிழித்து, பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பின்னிப் பாருங்கள். பிள்ளைக்குக் கைவேலை, நாய்க்கு விளையாட்டு, வாசலில் கிடக்கும் சப்பாத்துக்கு நீண்ட ஆயுள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் ஒரு சாதுவான நாய் வளரும். அதன் அருகே உங்கள் பிள்ளை அச்சமின்றி நடமாடலாம்.