ஓட்டப்பிடாரத்துக்கு எத்தனை எழுத்து?

வ.உ.சி. பிறந்த ஓட்டப்பிடாரத்தின் பெயரில் எத்தனை எழுத்து? பள்ளிப் பிள்ளை விரல்விட்டு எண்ணி எட்டு என்று சொல்லிவிடும். பைத்தானிடம் கேட்டால் 13 என்கிறது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலுக்கு இன்று பைத்தான்தான் மொழி. அதைப் படிக்கும் மாணவர்கள் 'மேப்' செயற்கூறைப் பழகுவதற்கு இந்த முரணே நல்ல கணக்கு.

பட்டியல் ஒன்றையும் செயற்கூறு ஒன்றையும் மேப்பிடம் கொடுத்தால், பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் அந்தச் செயற்கூறுக்குள் செலுத்தி, விடைகளை அதே வரிசையில் தரும். மூன்று போனால் மூன்று வரும். பழைய பட்டியல் மாறாது. ஜான் மெக்கார்த்தி 1960-இல் லிஸ்ப் மொழியை விவரித்த கட்டுரையிலேயே இதன் மூதாதை உண்டு.

ஓட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சி, தூத்துக்குடி என்று பட்டியல் போட்டு, நீளம் அளக்கும் 'லென்' செயற்கூறை மேப்பிடம் கொடுங்கள். 13, 17, 12 என்று வரும். யூனிகோடில் 'பி' ஓரெழுத்தாக இல்லை. 'ப' ஒரு குறியீடு, இகரக் குறி இன்னொன்று. 'ட்' என்பதிலும் புள்ளி தனி. லென் எண்ணுவது இந்தக் குறியீடுகளை. ஓட்டப்பிடாரத்தின் 13-இல் மூன்று புள்ளிகள், இரண்டு உயிர்க்குறிகள். கழித்தால் எட்டு.

அந்தக் கழித்தலைச் செய்யும் சிறு செயற்கூறு ஒன்றை நீங்களே எழுதி, லென் இருந்த இடத்தில் வையுங்கள். 8, 9, 6 வந்துவிடும். பட்டியலில் கை வைக்கவில்லை, மேப்பிலும் வேறு மாற்றமில்லை. ஒரு பெயருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் திருத்தினோம். மேப்பின் அருமை இதுதான். ஃபார் சுற்றுக்குள் எல்லாவற்றையும் எழுதிப் பழகியவர்களுக்கு இந்தப் பிரிவினை எளிதில் கைவராது. கைவந்தால் நிரலில் பிழை தேடும் நேரம் பாதியாகக் குறைந்ததுபோல் இருக்கும். ('ஓப்பன் தமிழ்' என்ற கட்டற்ற நிரல்தொகுப்பில் எழுத்துகளைப் பிரிக்கும் செயற்கூறு தயாராகவே இருக்கிறது. ஆனாலும் முதலில் சொந்தமாக எழுதிப் பாருங்கள்.)

ஒரு இடத்தில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். பைத்தான் 3-இல் மேப் விடைகளை மொத்தமாகத் தராது. கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தரும். அதனால் அதை ஒருமுறை லிஸ்ட் ஆக்கி அச்சிட்டால் விடை வரும். அதே மேப்பை மறுமுறை லிஸ்ட் ஆக்கினால் வெற்று அடைப்புக்குறிதான். முதல்முறை ஆக்கிய லிஸ்ட்டை ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள்.

1, 2, 3-இன் வர்க்கம் காணும் பயிற்சியில் இதெல்லாம் தட்டுப்படாது. உங்கள் ஊர்ப் பெயர்களைக் கொடுத்துப் பாருங்கள். ஏழு எழுத்துக்கு மேற்பட்ட ஊர்களை மட்டும் பொறுக்கியெடுக்க வேண்டுமென்றால் மேப் போதாது. அதற்கு 'ஃபில்டர்' இருக்கிறது.