டிரில்லிங் மெஷின்: முன்னும் பின்னும் கவனம்

"இயற்கை விவசாயத்துக்கு டிரில்லிங் மெஷின் எதுக்குங்க?" என்று கேட்கிறார்கள். சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளி, வாழை, மஞ்சள் எதுவானாலும் சொட்டுநீர் இல்லாமல் தண்ணீர் கட்டுப்படியாவதில்லை. பிவிசி குழாயில் துளை போட, பந்தலுக்குக் கம்பம் பூட்ட, கரைசல் டிரம்முக்குக் குழாய் வைக்க ஒவ்வொரு முறையும் ஆள் தேட முடியாது.

துப்பாக்கிப் பிடியும் விசையும் கொண்ட மெஷினுக்கு அமெரிக்காவில் பிளாக் அண்ட் டெக்கர் 1917-ல் காப்புரிமை பெற்றது. இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலும் திசை மாற்றும் வசதியும் உண்டு. துளை போட முன்திசை மட்டும்தான். பின்திசையில் பிட்டின் வெட்டும் முனை வேலை செய்யாது. தேய்ந்து சூடேறி மழுங்கிவிடும். திருகைக் கழற்றவும், சிக்கிய பிட்டை வெளியே எடுக்கவுமே பின்திசை. சுற்றுவது முழுசாக நின்ற பிறகே திசையை மாற்றுங்கள். ஓடும்போது மாற்றினால் கியரும் சுவிட்சும் போய்விடும்.

வயலில் பெரிய ஆபத்து மின்சாரம். மோட்டார் ரூம் ஸ்டார்ட்டரில் ஒயரைச் செருகி மெஷின் ஓட்டும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். மும்முனை இணைப்பில் இரண்டு பேஸுக்கு நடுவே 415 வோல்ட் இருக்கும். 230 வோல்ட் மெஷின் புகைந்துவிடும். ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்பவர் உயிருக்கே ஆபத்து. எலக்ட்ரீஷியனை வைத்து முறையான பிளக் பாயின்ட்டும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் போடுங்கள். வாய்க்காலோரம், ஈரக்காட்டில் வேலை என்றால் பேட்டரி மெஷின்தான் நல்லது.

அடுத்தது உடை. தோள் துண்டு, முந்தானை, தொங்கும் கயிறு, கையுறை எல்லாமே சுழலும் பிட்டில் சுற்றிக்கொள்ளும். துண்டைக் கழற்றிவிட்டு, கூந்தலை முடிந்துகொண்டு, கண்ணாடி போட்டபிறகே விசையை அழுத்துங்கள். சக் சாவியை எடுத்துவிட்டீர்களா என்று ஒருமுறை பாருங்கள்.

குழாயைக் காலில் மிதித்துக்கொண்டு துளை போடுவது நம் ஊர் வழக்கம். பிட் நழுவினால் பாதம் போய்விடும். கட்டையில் வைத்துக் கட்டுங்கள், அல்லது கிளாம்ப் போடுங்கள். இரும்பில் பிட் மறுபுறம் வெளியேறும் நேரத்தில்தான் சிக்கும். மெஷின் திரும்பி மணிக்கட்டை முறுக்கும். அப்போது அழுத்தத்தைக் குறைத்து, பக்கக் கைப்பிடியையும் பிடித்துக்கொள்ளுங்கள். பிவிசிக்கு மெதுவான வேகம் போதும். உள்ளே விழும் சுருள் சொட்டுவானை அடைக்கும். கடைசி மூடியைத் திறந்து தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே லேட்டரலை இணையுங்கள்.

அமுதக் கரைசலை இதை வைத்துக் கலக்க வேண்டாம். சின்ன மோட்டார் சூடேறும், கரைசலும் உள்ளே தெறிக்கும். அதற்குக் குச்சியே போதுங்க.

பராமரிப்பு சுலபம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காற்றுத் துளைகளில் அடைந்த செம்மண் தூசியை பிரஷால் தட்டுங்கள். ஒயரில் வெடிப்பு இருந்தால் டேப் சுற்றாமல் மாற்றுங்கள். உள்ளே தீப்பொறி அதிகமானால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பிட்டுகளைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள். பேட்டரியைத் தகரக் கொட்டகை வெயிலில் போடாதீர்கள்.

பக்கத்துக் காட்டுக்காரர் இரவல் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். கண்ணாடியையும் சேர்த்தே கொடுத்து, திசை மாற்றும் விதத்தையும் சொல்லி அனுப்புங்கள்.