உங்களுக்குத் தெரியுமா? அடிவயிற்று வலி எல்லாம் 'சூடு' அல்ல

ரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் பலர், அடிவயிறு வலித்தால் 'உடம்புச் சூடு' என்று வெந்தயத் தண்ணீர் குடித்துவிட்டு மலையேறிவிடுகிறார்கள். வலியோடு நாற்றமுள்ள வெள்ளைபடுதல், உறவின்போது உள்ளே வலி, மாதவிடாய்க்கு இடையில் இரத்தக்கசிவு, காய்ச்சல் என்று ஏதாவது சேர்ந்தால் கருப்பையிலும் கருக்குழாய்களிலும் தொற்று இருக்கலாம். கிளமிடியா போன்ற கிருமிகள் அறிகுறியே காட்டாமலும் குழாயை அடைத்துவிடும். பிள்ளைக்காக ஏங்கும்போதுதான் சிலருக்கு அது தெரியவருகிறது. கருத்தடைக்கு லூப் போட்ட முதல் 3 வாரங்களில் இந்தத் தொற்று குறித்துக் கூடுதல் கவனம் வேண்டும்.

உள்பரிசோதனையில் மருத்துவர் கருப்பைக் கழுத்தை விரலால் மெல்ல அசைப்பார். அப்போது சுரீரென்று வலித்தால் அது முக்கியமான அடையாளம். மருந்து பெரும்பாலும் 14 நாள். வலி நின்றதும் நிறுத்தக் கூடாது. கணவருக்கும் சிகிச்சை வேண்டும், இல்லாவிட்டால் தொற்று திரும்பிவிடும்.

தோட்டத்துக்கு வரும் மருத்துவமாதிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். மாதவிடாய் தள்ளிப்போன நிலையில் வலியோடு மயக்கமோ தோள்பட்டை நுனியில் வலியோ வந்தால், கரு குழாயிலேயே தங்கியிருக்கலாம். விடியும்வரை காத்திருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை உடனே அழையுங்கள்.