சுவாமி வருகிறார், மழையும் வருகிறது!

நவராத்திரி நெருங்கினால் வலியசாலைத் தெருவில் வீட்டுக்கு வீடு கொலுப் படி ஏறும். கூடவே ஒரு கவலை: சுவாமிகள் வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டால்?

பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி யானை மேல் வருகிறாள். வேளிமலை குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில். குழித்துறையில் ஓர் இரவு, நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு, மூன்றாம் நாள் திருவனந்தபுரம். 1956-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நடை நிற்கவில்லை. 1979-ல் ரயில் வந்தது. இரணியலில் ஏறினால் மத்தியானத்துக்குள் தம்பானூரில் இறங்கலாம். சுவாமிக்குத்தான் டிக்கெட் கிடையாதே!

மழை பெய்தால் பாடு பல்லக்குத் தூக்குகிறவர்களுக்குத்தான். குடை சுவாமிக்கு, அவர்களுக்கு இல்லை. நனைந்த துண்டு தோளில் நழுவும், மரம் சதையை அழுத்தும். வெறுங்கால் ஊறிப்போய் சல்லிக்கல் ஒவ்வொன்றும் முள்ளாகக் குத்தும். ஒருவர் வழுக்கினால் எல்லோரும் தடுமாற வேண்டும். ராத்தங்கலில் ஈர வேட்டியைப் பிழிந்து காயப்போட்டால் விடியற்காலை பாதி ஈரத்தோடு அதையே கட்டவேண்டும். வழியில் சுக்குக் காப்பி கொடுப்பவர்தான் அப்போது கண்கண்ட தெய்வம்.

2020-ல் கொரோனாவுக்காக ஆட்களைக் குறைத்தார்கள், நடையை விடவில்லை.

முருகன் தங்குவது வலியசாலைக்குப் பக்கத்தில், ஆரியசாலையில். விஜயதசமி கழிந்து ஒரு நாள் நல்லிருப்பு. பிறகு அதே சாலையில் திரும்பு நடை. நவராத்திரி தள்ளி வரும் வருஷங்களில் அது ஐப்பசி அடைமழையில்.