பாய் விரித்த நாள்கள்
தூத்துக்குடிக் கடலின் மீன்பிடிப் படகுகள்

கடலைக் காணாத ஊர் நம் மதுரை. திருநகரில் வாழும் குடும்பங்களுக்குக் கடல் என்பது, வேளாங்கண்ணிக்கோ மணப்பாட்டிற்கோ திருப்பயணம் செல்லும்போது கண்டு மகிழும் காட்சி. ஆயினும், "இது தூத்துக்குடி மீனா, இராமேசுவரத்து மீனா?" என்று கேட்காமல் நம் இல்லத்தரசியர் மீன் வாங்குவதில்லை. சீலாவும் விளமீனும் பாறையும் சாளையும் அந்தக் கரைகளிலிருந்தே பனிக்கட்டிப் பெட்டிகளில் நம்மை நாடி வருகின்றன. அவற்றைப் பிடித்து வரும் படகுகள் முன்னாளில் எப்படி இருந்தன, எதனால் ஓடின, எதற்குக் கட்டுப்பட்டு நடந்தன என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

கட்டுமரமும் வள்ளமும்

நம் கடற்கரை முழுவதும் ஒரே தன்மையுடையதன்று. கன்னியாகுமரிப் பகுதியிலும் சோழமண்டலக் கரையிலும் அலைகள் ஓங்கி எழுந்து கரையில் மோதுகின்றன. அவ்வலையைத் தாண்டிச் செல்ல ஏற்றது கட்டுமரமே. எடை குறைந்த மரத்துண்டுகள் சிலவற்றை அருகருகே வைத்துக் கயிற்றால் இறுகக் கட்டினால் கட்டுமரம் ஆயிற்று. அதற்கு உட்குழிவு இல்லை. ஆகவே நீர் நிறைந்து மூழ்கும் அச்சமும் இல்லை. கரை சேர்ந்தவுடன் கட்டவிழ்த்து, மரங்களை மணலில் காய வைப்பார்கள். இன்று உலகெங்கும் இரட்டை உடல் கொண்ட படகுகளை ஐரோப்பியர் 'கட்டமரான்' என்று அழைக்கிறார்களே, அச்சொல் நம் தமிழ்ச் சொல்லே. பொருள்தான் மாறிவிட்டது.

தூத்துக்குடியின் நிலை வேறு. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே 21 தீவுகள் வரிசையாக நின்று காவல் புரிகின்றன. அவற்றைச் சூழ்ந்த பவளப் பாறைகள் பேரலைகளின் வேகத்தைத் தடுத்து விடுகின்றன. அமைதியான அந்நீரில் பலகைகளை இணைத்துக் கட்டிய வள்ளங்கள் பாய் விரித்து ஓடின. நடுவில் பாய்மரம், அதன் மேல் பாயைத் தாங்கும் குறுக்குமரமாகிய பருமல், பருமலை மேலேற்ற ஆஞ்சான் கயிறு, பாயைக் காற்றுக்கேற்ப இழுத்துப் பிடிக்கத் தாமான் கயிறு, திசை திருப்பச் சுக்கான். வள்ளத்தின் முற்பகுதியை அணியம் என்பர். பள்ளிப் படிப்பு இல்லாத சிறுவனும் இச்சொற்களைத் தாய்ப்பாலோடு கற்றான். சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் என்னும் ஆங்கிலேயர் இந்தியப் படகுகளின் அமைப்பையும் தோற்றத்தையும் ஆராய்ந்து 1920-இல் விரிவான நூலொன்று வெளியிட்டார். எளிய மீனவனின் கைவேலையில் ஆழ்ந்த அறிவு பொதிந்துள்ளது என்பதை அந்நூல் உலகிற்கு உணர்த்தியது எனலாம்.

இரு காற்றுகளின் நேரம்

இப்படகுகளுக்கு எசமான் காற்றே. இரவில் நிலம் விரைந்து குளிர்கிறது. அப்போது கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். பகலில் நிலம் சூடேறுகிறது; அப்போது கடலிலிருந்து கரையை நோக்கிக் காற்று திரும்பும். விடியலுக்கு முன் கரைக்காற்றில் பாய் விரித்துப் போவதும், பிற்பகலில் கடற்காற்றில் திரும்பி வருவதும் மீனவனின் அன்றாட ஒழுங்கு. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுகளுக்குப் பெயரிட்டு, அவை எந்த மாதத்தில் எங்கிருந்து வரும், எந்த மீனைக் கொண்டு வரும் என்று அவன் அறிந்திருந்தான்.

புகழ் பெற்ற முத்துக்குளிப்பும் இதே ஒழுங்கில் நடந்தது. பருவக்காற்றுகள் இரண்டிற்கும் இடையே கடல் அமைதியுறும் மார்ச்சு, ஏப்ரல் மாதங்களே அதற்குரிய காலம். நள்ளிரவு கடந்ததும் படகுகள் கூட்டமாகப் பாய் விரித்து, 'பார்' எனப்படும் சிப்பிப் படுகைகளை அடையும். குளியாளிகள் கல்லொன்றின் துணையால் எட்டு, பத்துப் பாகம் ஆழம் இறங்கி, மூச்சடக்கிச் சிப்பிகளை அள்ளுவர். பகற்பொழுது சாயத் தொடங்கியதும் கடற்காற்றில் கரை திரும்புவர். குளியாளிகளில் பெரும்பாலோர் கத்தோலிக்கராதலால் ஞாயிறு ஓய்வு நாளாயிற்று. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசி முத்துக்குளிப்பு வரிசை.

காற்று தடுத்தபோது

காற்றின் ஆட்சி எத்தகையது என்பதற்குப் புனித சவேரியாரின் வாழ்விலேயே சான்று உண்டு. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அவர், அக்கரையின் பரதவ மக்களிடையே ஊர் ஊராகச் சென்று பணியாற்றினார். 1544-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் வடுகர் படை குமரி முனைப் பகுதியில் புகுந்து சூறையாடியது. மக்கள் உயிர் தப்பிக் கடலோரப் பாறைகளில் ஒதுங்கி, உணவும் நீருமின்றித் தவித்தனர். செய்தியறிந்த சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளோடு அவர்களுக்கு உதவப் புறப்பட்டார்.

ஆனால் சூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்றின் மாதம். மணப்பாட்டிலிருந்து குமரிக்குச் செல்லும் திசையும் தென்மேற்கே. காற்று முகத்தில் அறைந்தது. எட்டு நாள்கள் போராடியும், துடுப்பு வலித்தும், தோணிகளால் முன்னேற இயலவில்லை. அவர் மணப்பாட்டிற்கே திரும்ப நேர்ந்தது. பின்னர் தரை வழியாகச் சென்று அம்மக்களைக் கண்டு ஆறுதல் அளித்தார். இருபது தோணிகளும், கடலிலேயே பிறந்து வளர்ந்த மாலுமிகளும், ஒரு புனிதரின் தணியாத ஆவலும் ஒன்று சேர்ந்தும் காற்றை வெல்ல முடியவில்லை.

பாய்மரக் காலத்தைப் பொற்காலம் என்று புகழ்வோர் இதை மறந்துவிடக் கூடாது. காற்று அடங்கினால் கை சலிக்கத் தண்டு வலிக்க வேண்டும். புயல் எழுந்தால் கரையில் மனைவி மக்கள் செபமாலையோடு காத்திருக்க வேண்டும். திரும்பி வராத படகுகள் எத்தனையோ!

இயந்திரம் வந்தது

நாடு விடுதலை பெற்ற பின்னர் மீன்வளத்தைப் பெருக்கும் திட்டங்கள் எழுந்தன. நார்வே நாட்டின் உதவியோடு 1953-இல் கொல்லம் கரையில் தொடங்கிய திட்டம் படகுகளுக்கு இயந்திரம் பொருத்த வழி காட்டியது. அதே பத்தாண்டில் தமிழகக் கரையிலும் விசைப்படகுகள் தோன்றலாயின. அயல்நாடுகளில் இறாலுக்குக் கிராக்கி ஏறவே, கடலின் அடித்தரையை வாரி இழுக்கும் மடிவலைகள் பெருகின. 1980-களில் வள்ளங்களின் பின்புறத்திலும் சிறு இயந்திரங்கள் ஏறின. கண்ணாடியிழைப் படகுகள் பரவின. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் அவை கட்டுமரத்தின் இடத்தை விரைந்து கைப்பற்றின. பாய் சுருட்டப்பட்டது.

இடையே நல்ல முயற்சிகளும் நடந்தன. கட்டுமரத்திற்கேற்ற மரம் அரிதாகி விலை ஏறியபோது, கோட்டாறு சமூக சேவைச் சங்கம் முட்டத்தில் படகு கட்டும் நிலையம் அமைத்து, ஒட்டுப்பலகையால் சிறு படகுகளை உருவாக்கிற்று. ஏழை மீனவனும் வாங்கத்தக்க, கரையலையைத் தாங்கத்தக்க படகு வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இயந்திரத்தால் விளைந்த நன்மைகளை மறுப்பதற்கில்லை. எதிர்க்காற்றிலும் வீடு திரும்பலாம். தொலைவிலுள்ள மீனையும் தேடிச் செல்லலாம். ஆனால் காற்றுக்கு விலையில்லை, எண்ணெய்க்கு விலையுண்டு. கடன் வாங்கி இயந்திரம் பொருத்தியவன், கடனை அடைக்க மேலும் மீன் பிடிக்க வேண்டியவனானான். வலை வாரிச் சென்ற இடத்தில் மீன்குஞ்சுகளும் அழிந்தன. கரையோரத்தில் வலை விரித்த கட்டுமரக்காரனுக்கும் விசைப்படகுக்காரனுக்கும் இடையே பூசல்கள் மூண்டன. சிலவிடங்களில் வலைகள் அறுபட்டன, படகுகள் எரிந்தன.

இழந்ததைச் சட்டம் தேடியது

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. கரையிலிருந்து மூன்று கடல் மைல் தொலைவுக்குள் விசைப்படகுகள் மீன் பிடிக்கலாகாது என்று தடை விதிக்கப்பட்டது. விடியற்காலை புறப்பட்டு இரவுக்குள் திரும்ப வேண்டும் என்றும் விதி வகுக்கப்பட்டது. மீன்கள் இனம் பெருக்கும் காலத்தில் விசைப்படகுகள் கரையிலேயே நிற்க வேண்டும் என்ற ஆணை 2001-இல் 45 நாளாகத் தொடங்கிற்று. இப்போது ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள்.

இவற்றைச் சற்று உற்று நோக்குங்கள். எவ்வளவு தொலைவு செல்லலாம், எந்நேரம் புறப்பட்டு எந்நேரம் திரும்பலாம், ஆண்டில் எத்தனை நாள் ஓய்ந்திருக்க வேண்டும் என்று இன்று அரசு ஆணையிடுகிறது. அன்று இவ்வெல்லைகளை வகுத்தது காற்று. விடியலில் அனுப்பிற்று, மாலைக்குள் அழைத்துக்கொண்டது, பருவக்காற்று சீறும்போது படகைக் கரையேற்றச் செய்தது. எவரும் எழுதாத சட்டம் அது. மீன் அமைதியாகப் பெருகியது. மீனவன் வலை செப்பனிட்டான். அக்கட்டளை அவனுக்குச் சுமையாகவே தோன்றியது. அதன் அருமையோ அது நீங்கிய பின்னரே விளங்கிற்று.

பாய்மரத்திற்குத் திரும்பிப் போக எவரும் விரும்பார்; விரும்பவும் தேவையில்லை. ஆனால் பாய்மரம் கற்பித்த அளவை மறந்தால் கடல் வெறுமையாகும். கடலை நம்பிய ஆயிரமாயிரம் குடும்பங்களின் அடுப்பும் அணையும். தூத்துக்குடித் தோணி மாந்தரின் வாழ்வை 'கொற்கை' என்னும் புதினமாக எழுதிய ஜோ டி குருசுக்கு 2013-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அப்பெருவாழ்வின் நினைவு ஏடுகளிலாவது நிலைத்திருப்பது நமக்கு மகிழ்ச்சியே.

ஏப்ரல் பாதியில் மீன் விலை ஏறும். "என்ன இப்படி விலை சொல்கிறாயே, அம்மா!" என்று மீன்காரம்மாவிடம் நாம் சலித்துக்கொள்வோம். அடுத்த முறை சலித்துக்கொள்ளுமுன் ஒரு கணம் நினைத்துப் பார்ப்போம். முன்னாளில் காற்று இலவசமாக அளித்த ஓய்வையே இந்நாளில் கடல் நம்மிடம் கேட்டுப் பெறுகிறது. அதற்கு நம் பங்காகச் சில ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் குறைவில்லை.