செம்மண்ணும் சிமிட்டியும்

வங்காளத்தின் மேற்குப் பகுதியில் பாங்குரா என்னும் ஊர் உள்ளது. சிவந்த மண்ணும் சரளைக்கல்லும் நிறைந்த நாடு அது. அவ்வூரில் வறிய குடும்பம் ஒன்றில் 1906ஆம் ஆண்டில் இராம்கிங்கர் பைஜ் பிறந்தார். திருவிழாக்களுக்குத் தெய்வ உருவங்கள் சமைக்கும் கைவினைஞரின் கூடமே அவருக்கு முதற்பள்ளி. மூங்கிலையும் வைக்கோலையும் கட்டிக் கூடமைத்து, அதன்மேல் களிமண்ணை அப்பி, அவர்கள் உருவத்தை எழுப்பும் முறையைச் சிறுவர் இமைகொட்டாமல் பார்த்திருப்பார். நாடகத் திரைகளும் தீட்டினார். ஒத்துழையாமை இயக்கம் நடந்த நாளில் தேசத் தலைவர்களின் படங்களையும் வரைந்தார். அவருடைய கைத்திறனைக் கண்டு மகிழ்ந்தவர் ‘மாடர்ன் ரிவியூ’ இதழின் ஆசிரியர் இராமானந்த சாட்டர்ஜி. அவருடைய உதவியால் 1925ஆம் ஆண்டில் இராம்கிங்கர் சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தில் மாணவரானார்.

கலாபவனத்தின் தலைவர் நந்தலால் போஸ், புதிய மாணவர் கொணர்ந்த படங்களைப் பார்த்துவிட்டு, இத்தனையும் அறிந்தபின் இங்குக் கற்பதற்கு என்ன இருக்கிறது என வியந்தாராம். எனினும் இரண்டு மூன்று ஆண்டுகள் தங்குமாறு கூறினார். தங்க வந்தவர் தம் வாழ்நாளை அங்கேயே கழித்தார்.

மாணவரைக் கயிறிட்டுக் கட்டும் வழக்கம் அங்கு இல்லை. ஆயினும் ஆசிரியருக்கென விருப்பு வெறுப்புக்கள் இருந்தன. நீர்வண்ணமே அங்குப் பெரிதும் பயின்றது. மேனாட்டிலிருந்து வந்த தைலவண்ணத்தை நந்தலால் விரும்பவில்லை. இராம்கிங்கரோ அதனையும் கையாண்டு பார்த்தார். ஆசிரியரிடம் அவர் கொண்ட அன்பு குறையவில்லை. தம் முயற்சியையும் அவர் கைவிடவில்லை. இஃது எளிய செயலன்று.

சிற்பத்தில் அவருக்கு வேறோர் இடர் நேர்ந்தது. அறைக்குள் வைத்துப் பார்க்கும் சிறிய உருவங்கள் அவருக்கு நிறைவளிக்கவில்லை. மரங்களுக்கு நடுவே, வெயிலிலும் மழையிலும் நிற்கும் பெரிய சிலைகளைச் செய்ய விரும்பினார். வெண்கலம் வார்க்கப் பொருள் வேண்டும்; அது மாணவரிடமும் இல்லை, பள்ளியிடமும் இல்லை. களிமண்ணோ மழையிற் கரைந்துவிடும். ஆகவே காலடியிற் கிடந்த செம்புரைச் சரளையைச் சிமிட்டியோடு கலந்தார். இரும்புக் கம்பிகளாற் கூடமைத்து, அக்கலவையைக் கை நிறைய அள்ளி அதன்மேல் எறிந்து அப்பினார்; பின்னர் வேண்டாதவற்றை உளியாற் கொத்தி நீக்கினார். பாங்குராவில் கண்ட மூங்கிற் கூடுதான் இங்கு இரும்பாகியது போலும்! சிமிட்டி விரைவில் இறுகிவிடும். எண்ணி எண்ணித் திருத்த அவகாசம் இராது. அவசரக் குணமுடைய கைக்கு ஏற்ற பொருளே வாய்த்தது.

1935ஆம் ஆண்டில் ஒல்லியாய் உயர்ந்த பெண் உருவம் ஒன்றை மரங்களிடையே நிறுத்தினார். நந்தலாலின் யோசனைப்படி அதன் தலையில் கலம் ஒன்று ஏறவே, புத்தர்பிரானுக்குப் பாயசம் அளித்த சுஜாதை ஆயிற்று அச்சிலை. அதனைக் கண்ட தாகூர் சிற்பியை அழைத்துவரச் செய்தார். கடிந்துகொள்வாரோ என அஞ்சிச் சென்றவரிடம், இவ்விடம் முழுவதையும் சிலைகளால் நிரப்புக என்று கவிஞர் பணித்ததாகக் கூறுவர்.

மூன்றாண்டுகளுக்குப் பின்னர், 1938இல், ‘சாந்தால் குடும்பம்’ உருவாயிற்று. சாந்தாலர் அந்நாட்டுப் பழங்குடியினர். வேலை தேடி ஊர்விட்டு ஊர் செல்வோர் அவருட் பலர். சிலையில் ஆடவன் தோளில் காவடி. அதன் ஒருபுறக் கூடையில் குழந்தை. தலைச்சுமையுடன் மனைவி அருகே நடக்கிறாள். நாயும் உடன் செல்கிறது. குடும்பத்தின் உடைமை யாவும் அவ்வளவே. ஆயினும் அவர்கள் முகத்தில் இரக்கத்தை வேண்டும் குறிப்பு இல்லை, நிமிர்ந்து நடக்கின்றனர். அரசர்க்கும் ஆளுநர்க்கும் சிலை நாட்டிய காலத்தில் கூலியாள் ஒருவன் ஆளுயரத்தினும் பெரியவனாய் நின்றான். பளபளக்கும் வெண்கலத்தில் அவனை வார்த்திருந்தால் இவ்வளவு பொருந்தியிராது. அவன் நடந்த மண்ணின் சரளையே அவனுக்கு உடலாயிற்று. வறுமையினால் தேர்ந்த பொருள் அது என்பதை நினைக்குந்தோறும் வியப்பே உண்டாகிறது.

1956இல் அதே கலவையால் ‘ஆலைச் சங்கு’ என்னும் சிலையைச் செய்தார். ஆலையின் ஒலி கேட்டு ஓடும் இரு பெண்களின் ஈரச்சேலை காற்றிற் பறந்தவாறே உலருகிறது. அசைவற்ற பொருளில் காற்றையும் காட்டிவிட்டார்! தில்லியில் ரிசர்வ் வங்கியின் வாயிலுக்கு யக்ஷன், யக்ஷி உருவங்களைச் செய்யும் பணி வந்தபோது, இமயமலை அடிவாரத்திலிருந்து கல் தருவித்தார். அப்பணி ஆண்டுக்கணக்கில் நீண்டது.

புகழ் வந்தது, 1970இல் பத்மபூஷண் விருதும் வந்தது. செல்வம் வரவில்லை. 1975இல் ரித்விக் கட்டக் அவரைப் பற்றித் திரைப்படம் எடுத்தார். கூரை வேயப் பணமில்லாமையால், ஒழுகும் இடங்களில் தம் ஓவியத் துணிகளையே செருகி வைத்த கதையை இராம்கிங்கர் அதிற் சிரித்துக்கொண்டே சொல்கிறார். அவையாவும் தைலவண்ணத்தில் தீட்டியவை, தண்ணீர் புகாது.